புரட்சிக்குக் காரணம் யாது?

சரித்திரம் பயிலும் மாணவர் அனைவரும் என்றேனும் ஒருநாள் விடையளித்தே தீரவேண்டிய வினா ஒன்று உண்டு. 'பிரெஞ்சுப் புரட்சிக்குரிய காரணங்களை விவரிக்க' என்பதே அது. யாமும் அதற்குப் பலமுறை விடை எழுதியிருக்கின்றோம். வரிச்சுமை ஒன்று, விளைச்சல் குன்றியமை இரண்டு, கருவூலம் வறண்டமை மூன்று, பதினாறாம் லூயி மன்னனின் உறுதியின்மை நான்கு, அறிஞர்தம் நூல்கள் எழுப்பிய புதுக் கருத்துகள் ஐந்து. இவற்றை விரல்விட்டு எண்ணி, மனத்திற் பதித்து, தேர்வு மண்டபத்தில் வரிசை பிறழாது இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தோமாயின், அவற்றுக்கும் நமக்கும் இருந்த உறவு அன்றோடு முடிந்தது. காரணங்களைக் கற்றோம், ஆயின், மனைவி மக்களையுடைய ஒருவன் ஏன் தன் குடிசையை விட்டிறங்கிச் சாகத் துணிகின்றான் என்பதைக் கற்றோமில்லை. எம் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக. அதனை எமக்குக் கற்பித்தவர் எம் தெருவில் வாழும் முதியவர் ஒருவரே.

எமது ஊர் அண்ணனூர். சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்தது. அங்குள்ள மின்வண்டிப் பணிமனையை அறியாத பிரயாணிகள் இரார். மேற்றிசை நோக்கிச் செல்லும் நெடுந்தூர வண்டிகள் எம்மூரில் நில்லா. நடைமேடையிற் கிடக்கும் காகிதங்களைச் சுழற்றியெறிந்துவிட்டுப் பறந்து போகும். அவற்றுள் ஒன்று ஆலப்புழை வண்டி. இரவில் அது கடந்து செல்லும் வேளையில் நடைமேடையின் ஓரத்து இருக்கையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். வண்டியின் கடைசி விளக்கு மறையும்வரை நோக்கியிருந்து, பின்னர் எழுந்து மெல்ல வீடு திரும்புவார். ஆவடியிலுள்ள படைத்துறைத் தொழிற்சாலையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக எம்மூர்வாசி. மலையாளம் கலந்த அவர்தம் தமிழ் கேட்பதற்கு இனியது.

நாங்கள் அவரை அணுகிய வேளை மனம் நொந்திருந்த வேளை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் 'மிச்சாங்' புயல் பெய்வித்த மழையில் எம் தெருவில் முழங்கால் மட்டும் நீர் நின்றது. அது வடிந்த பின்னரும், சிறு மழை பெய்யினும் தெரு குளமாவது நிற்கவில்லை. தெருவார் கூடி, வடிகால் வேண்டுமென்று உரிய இடத்துக்கு மனு அனுப்புவதென முடிவு செய்தனர். கல்லூரியிற் படிப்பவர் என்னும் ஒரே தகுதியால் அதனை எழுதும் பொறுப்பு எம்பால் வந்தது. முதல் மனுவுக்கு விடையில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதை அனுப்பி ஓராண்டு கழிந்த பின்னர், தெருவில் இளைஞர் சிலர், "இனி எழுதிப் பயனில்லை, தண்டவாளத்தில் அமர்ந்தால்தான் கேட்பார்கள்" என்றனர். மறுத்துரைக்க எமக்கு வாய் எழவில்லை. மூன்று மனுக்களையும் எழுதிய கை எமது கையன்றோ? புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குச் சென்று, முதியவர் அருகே அமர்ந்தோம்.

"என்ன தம்பி, தேர்வா?" என்றார்.

"ஆம் ஐயா. பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணங்கள்."

"எத்தனை எழுதியிருக்கிறது?"

"ஐந்து."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என் அம்மைக்கு இரண்டே தெரியும். ஒன்று, அரிசி இல்லை. மற்றொன்று, போய்க் கேட்டவனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை" என்றார்.

அவர் பிறந்தது 1942ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சேர்த்தலைத் தாலுகாவில். தந்தையார் ஆலப்புழையில் கயிற்றுப்பாய் நெய்யும் தொழிலாளி. தாயார் காயலில் ஊறிய தேங்காய் மட்டையைத் தடிகொண்டு அடித்து நார் எடுப்பவர். தந்தையார்க்கு எழுதத் தெரியும். ஆதலின், கூலிக் குறைவாயினும், தண்டம் பிடித்ததாயினும், பங்கீட்டு அரிசி வாராததாயினும், அக்கம்பக்கத்தார்க்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர் அவரே. 1946ஆம் ஆண்டு துலாம் மாதத்தில், அதாவது நம் ஐப்பசியில், ஒருநாட் காலை அவர் வயலாருக்குப் போனார். திரும்பவில்லை. நான்கு வயதுச் சிறுவனாயிருந்த இவர்க்குத் தந்தையின் முகம் நினைவில்லை. "அவர் எழுதின மனுவில் ஒன்றையாவது யாராவது படித்திருந்தால்" என்று தாயார் இறுதிவரை சொல்லி வந்தது மட்டும் நினைவிலுண்டு.

யாம் வெட்கினோம். பாரிசு நகரத்துப் பஸ்தீல் சிறை வீழ்ந்த நாள் 1789 ஜூலை 14 என்று உறக்கத்திலும் கூறுவோம். எம்மூர் வழியே நாள்தோறும் ஓடும் வண்டி சென்று சேரும் நாட்டில், மன்னராட்சிக்கு எதிராக எளிய மக்கள் எழுந்து மடிந்ததை அறிந்தோமில்லை. மறுநாள் முதல் சில கிழமை கல்லூரி நூல்நிலையத்தில் அமர்ந்து திருவிதாங்கூர்ச் சரித்திரத்தைப் பயின்றோம். அங்கு எம்மை வியப்பில் ஆழ்த்தியது துப்பாக்கியும் ஈட்டியும் அன்று. அவற்றுக்கு முன்னர் நின்ற மனுக்களின் நீண்ட வரிசையே.

திருவிதாங்கூர் கல்வியிற் சிறந்த நாடு. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்று இராணி கௌரி பார்வதி பாய் 1817ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டார். எழுதத் தெரிந்த குடிமகன் முதலிற் செய்வது யாது? அரசனுக்கு விண்ணப்பம் எழுதுவான். 1891ஆம் ஆண்டில், உயர் பதவிகள் வெளிநாட்டார்க்கே செல்கின்றன, சொந்த நாட்டார்க்கும் வேண்டும் என்று பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மகாராஜாவுக்கு விண்ணப்பித்தனர். 'மலையாளி மெமோரியல்' என்பது அதன் பெயர். அதனை முன்னின்று நடத்தினோருள் ஒருவரான ஜி. பி. பிள்ளை, பின்னர்ச் சென்னையில் பத்திரிகை நடத்திப் புகழ்பெற்றவர். 1896ஆம் ஆண்டில் ஈழவ மக்கள் 13,176 பேர் தனியே ஒரு விண்ணப்பம் அளித்தனர். அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் பயின்று தேறியவர். ஆயினும், சாதி காரணமாகச் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசில் ஊழியம் செய்தவர். நோயாளியின் நாடியைப் பிடிக்கத் தகுதி பெற்ற கை, பிறந்த மண்ணில் ஆகாத கையாயிற்று.

விண்ணப்பம் பயனளியாதபோது மக்கள் வீதியில் அமர்ந்தனர். 1924 மார்ச்சு 30ஆம் நாள் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாரும் நடக்க உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நம் நாட்டினின்று ஈ. வெ. ராமசாமியார் சென்று இருமுறை சிறைப்பட்டதை நாமெல்லாம் அறிவோம். 1932ஆம் ஆண்டுச் சட்டசபைச் சீர்திருத்தத்தில் தமக்குரிய பங்கு இல்லையென்று கண்ட ஈழவரும், கிறித்தவரும், முஸ்லிம்களும் தேர்தலினின்று விலகி நின்றனர். அதுவே 'நிவர்த்தனப் பிரக்ஷோபம்' எனப்பட்டது. அதன் தலைவருள் ஒருவரான சி. கேசவன், 1935ஆம் ஆண்டு கோழஞ்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவுக்காகச் சிறை புகுந்தார்.

அரசு எப்பொழுதும் செவிடாயிருந்தது என்று கூறுதல் நடுநிலை ஆகாது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் பலராம வர்மா மகாராஜா, சாதி நோக்காது இந்துக்கள் யாவர்க்கும் அரசின் ஆளுகைக்குட்பட்ட கோயில்களைத் திறந்துவிட்டார். இந்தியா முழுவதும் அச்செயலைப் போற்றிற்று. நூற்றாண்டுக் கணக்கில் மூடியிருந்த கதவு திறந்தபோது மக்கள் மகிழ்ந்தனரேயன்றி மன்னனைப் பகைத்தாரில்லை. அதே மன்னரின் ஆட்சியிற் பத்தே ஆண்டுகளில் குருதி சிந்தியது எங்ஙனம்? எம் ஆராய்ச்சியின் உயிர்நாடி இவ்வினாவே.

அந்நாளில் திவானாயிருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். சென்னை உயர்நீதி மன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர், அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்ந்து சுயாட்சிக் கிளர்ச்சி நடத்தியவர், பேரறிவாளர். கோயிற் கதவு திறந்ததில் அவருக்கும் பங்குண்டு. ஆயின், அரசியற் கதவை அவர் திறக்கவில்லை. 1938ஆம் ஆண்டில் தோன்றிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டுமென்று கேட்டது. விடையாகத் தடையுத்தரவும், சிறையும், ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடும் கிடைத்தன. அக்டோபர் 23ஆம் நாள் அக்காமா செறியான் என்னும் பெண்மணி பெருங்கூட்டத்தை நடத்திக்கொண்டு அரண்மனையை நோக்கிச் சென்றார். அன்றும் கூட்டத்தார் சென்றது கேட்பதற்கே, இடிப்பதற்கன்று.

ஆலப்புழையின் நிலை வேறு. ஜேம்ஸ் டாரா என்பவர் 1859ஆம் ஆண்டில் அங்கு முதற் கயிற்றுத் தொழிற்சாலையை நிறுவினார். அயல்நாட்டு மாளிகைகளின் தரைகளில் விரிக்கும் பாய்களை நெய்தவர்கள் மண்தரையில் உறங்கினர். 1922ஆம் ஆண்டில் வாடப்புறம் பி. கே. பாவா என்னும் தொழிலாளி முயன்று அவர்கட்கு ஒரு சங்கம் அமைத்தார். அச்சங்கத்தின் தொடக்கப் பணிகளும் வேண்டுகோளும் உடன்பாடுமாகவே இருந்தன.

பின்னர்ப் போர் வந்தது. திருவிதாங்கூர் தான் உண்ணும் அரிசியிற் பாதியும் தானே விளைப்பதில்லை. பெரும்பகுதி பர்மாவினின்று கப்பலில் வரும். 1942 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அக்கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அரிசி போதவில்லை. கயிற்று வியாபாரமும் தளர்ந்தது. சேர்த்தலைத் தாலுகாவிற் பட்டினியும் நோயும் பலரைக் கொண்டுபோயின. முதியவரின் தாயார் கூறிய முதற்காரணம் இதுவே.

இரண்டாம் காரணம் 1946 ஜனவரியில் வந்தது. வெள்ளையர் ஆட்சி முடியப் போகின்றது என்று நாடெங்கும் நம்பிக்கை பிறந்திருந்த அந்நேரத்தில், திவான் புதியதோர் அரசியல் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை உண்டு, சட்டசபை உண்டு, ஆனால், ஆட்சியை நடத்தும் திவானை மகாராஜாவே நியமிப்பார், சட்டசபை அவரை நீக்கவியலாது. இதனை 'அமெரிக்க மாதிரி' என்றனர். மக்களுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? வீட்டு வாசலைத் திறந்து, திண்ணையில் அமரச் செய்து, உட்கதவை என்றைக்குமாகத் தாழிட்டதுபோல் தோன்றியிருக்கும். அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்னும் முழக்கம் அப்பொழுது எழுந்ததே.

1946 அக்டோபர் 22ஆம் நாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அரிசியும் கூலியும் மட்டுமன்றி, திவான் ஆட்சி ஒழிந்து பொறுப்பாட்சி வரவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. கயிற்றுத் தொழிலாளரோடு மீனவரும், கள்ளிறக்குவோரும், வயற்கூலிகளும் சேர்ந்தனர். ஊர்தோறும் முகாம்களிற் கூடினர். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் கமுக மரத்தைப் பிளந்து கூராகச் சீவிய 'வாரிக்குந்தம்' என்னும் ஈட்டி. 24ஆம் நாள் புன்னப்ராவில் இருந்த காவல் முகாமை அவர்கள் தாக்கினர். ஆய்வாளர் ஒருவரும் காவலர் சிலரும் கொல்லப்பட்டனர். தொழிலாளர் பலர் குண்டுக்கு இரையாயினர். மறுநாள் அம்பலப்புழை, சேர்த்தலைத் தாலுகாக்களில் இராணுவச் சட்டம் பிறந்தது. 27ஆம் நாள், காயல் சூழ்ந்த வயலாரிலும் அதனை அடுத்த மேனாச்சேரியிலும் ஒளதலையிலும் படையினர் சுட்டனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இதனைப் படித்துவிட்டு ஓரிரவு முதியவரிடம் சென்று, புன்னப்ராவில் இறந்த காவலரைப் பற்றி என்ன நினைக்கின்றீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அவர்களுக்கும் என்னைப் போல் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், தம்பி. அந்தப் பிள்ளைகள் எந்த நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ" என்றார். அதற்கு மேல் யாம் ஒன்றும் கேட்கவில்லை.

எழுச்சி சில நாளில் அடங்கிற்று. ஆயின் ஆட்சியின் அடித்தளம் ஆடிவிட்டது. 1947 ஜூன் மாதத்தில், வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசை விழாவொன்றில் அவர் வெட்டுண்டு காயமுற்றார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர இசைந்தது. ஆகஸ்டில் திவான் பதவி விலகினார். செப்டம்பர் 4ஆம் நாள் பொறுப்பாட்சி வழங்குவதாக மகாராஜா அறிவித்தார். 1948ஆம் ஆண்டு வயது வந்தோர் வாக்கினால் தேர்தல் நடந்து பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைச்சரவை அமைந்தது. புன்னப்ராவும் வயலாரும் மட்டுமே இதனைச் செய்தன என்று கூறோம். பலர் பல வழியில் உழைத்ததன் பயன் அது. ஆயினும், 1938இற் கேட்டதைப் பத்தாண்டு கழித்துக் கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை. இடையில் வீழ்ந்த உயிர்களே அத்தாமதத்தின் விலை.

இவ்வளவும் அறிந்தபின் பிரெஞ்சுப் புரட்சியை மீண்டும் படித்தோம். முன்பு கண்ணிற்படாதது இப்பொழுது பட்டது. 1789இன் தொடக்கத்தில் பிரான்சு நாட்டுச் சிற்றூர்களெல்லாம் தம் குறைகளை ஏடுகளில் எழுதி மன்னனுக்கு அனுப்பின. அவற்றிற் பெரும்பாலானவை பணிவானவை. மன்னனைத் தந்தையென்று போற்றியவை. மே 5ஆம் நாள் பிரதிநிதிகள் வெர்சேலில் கூடினர். ஜூன் 20ஆம் நாள் காலை பொதுமக்களின் பிரதிநிதிகள் மண்டபத்துக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அவர்கள் அருகிருந்த பந்தாட்டக் கூடத்திற் புகுந்து, அரசியலமைப்பு ஒன்றை ஆக்கும்வரை பிரிவதில்லை என்று சூளுரைத்தனர். பஸ்தீல் விழுந்தது அதன்பின் நான்காம் வாரத்தில். வெர்சேலும் வயலாரும் கடல்களால் பிரிந்தவை. ஆயினும் முதலில் மனு, அடுத்து மூடிய கதவு, பின்னரே ஆயுதம் என்னும் வரிசை இரண்டிடத்தும் ஒன்றே.

பசி விறகு போன்றது. அது எங்கும் கிடக்கும். கிடந்து மக்கியும் போகும். பசித்தவன் பெரும்பாலும் எழுவதில்லை, ஒடுங்கியே இறக்கின்றான். 1943ஆம் ஆண்டு வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் அவ்வாறே மாண்டனர். பசித்தவன் எழுதக் கற்று, தன் குறையை முறையாக எழுதி, ஒருமுறைக்குப் பலமுறை அனுப்பி, அதனை எவரும் படிக்கவில்லை என்று தெளிந்தபோதுதான் விறகு பற்றுகின்றது. புரட்சியைத் தொடங்குவோன் ஈட்டி சீவுகின்றவன் என்று உலகம் எண்ணுகின்றது. அவனுக்கு முன்னரே, மனுவைப் பிரிக்காது மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தவன் அதனைத் தொடங்கிவிட்டான் என்பது எம் துணிபு.

எம் தெருக்கதை என்னாயிற்று என்று வினவுவீர்கள். சமஸ்தானத்துப் பெருந்துயரோடு தெருநீரை ஒப்பிடும் அறியாமை எமக்கில்லை. வாக்குரிமையுடைய குடியரசில் வாழ்கின்றோம். எனினும், தண்டவாளத்தில் அமரலாமென்ற இளைஞரை முதியவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. "நாலாவது மனு எழுதுங்கள். இந்தத் தடவை தபாலில் போடாதீர்கள். கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். நானும் வருகிறேன்" என்றார். பன்னிருவர் சென்றோம். மேசைக்குப் பின் இருந்த அலுவலர் இளைஞர். எம்மினும் சில ஆண்டே மூத்தவர். முதியவரை அமரச் சொன்னார். மனுவை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படித்து முடித்து, எந்தப் பக்கத்தினின்று நீர் வருகின்றது என்று ஒரு கேள்வி கேட்டார். மறுவாரம் வந்து தெருவைப் பார்த்தும் சென்றார். வடிகால் இன்னும் வெட்டப்படவில்லை. ஆயின், தண்டவாளத்தைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

திரும்பி வருகையில் முதியவர் பேசாது நடந்தார். வீட்டு வாயிலில் நின்று, "படித்தார், பார்த்தாயா" என்று மட்டும் சொன்னார். எண்பது ஆண்டுகளாக அவர் வீட்டார் காத்திருந்தது அதற்குத்தான் போலும்.

அன்புள்ள மாணவத் தோழர்களே! நம்முட் பலர் அரசாங்கத் தேர்வுகளுக்கு இரவு பகலாகப் படித்து வருகின்றோம். சிலர் வெற்றியும் பெறுவோம்; பழைய மாணவர் பலர் ஏற்கெனவே அத்தகைய இருக்கைகளில் உள்ளனர். அங்கு அமர்ந்தபின், புரட்சிக்குரிய காரணங்களை எவரும் நம்மிடம் வினவார். ஆனால் நம் மேசையின்மேல், எழுத்துப் பிழையோடும் கசங்கிய தாளோடும், எங்கோ ஒரு தெருவார் எழுதிய மனு வந்து கிடக்கும். அதனைப் படிப்போமாக.